டைட்டானியம் மூட்டு: தாங்கும் இடமும் தேயும் இடமும்

எங்கள் எலும்பு மூட்டுச் சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரில் நெசவாளர் குடும்பத்தினர் பலர். பெரிய காஞ்சிபுரத்திலும் பிள்ளையார்பாளையத்திலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் அமர்ந்து நெய்தவர்கள், குழியிலிருந்து எழுந்து மேலே வர முடியாத நிலையில்தான் பெரும்பாலும் எங்களிடம் வருகிறார்கள். அவ்வாறு வந்த மூத்த நெசவாளர் ஒருவருக்கு இரண்டு முழங்கால்களிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அதை விளக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய மகன் குறுக்கிட்டார்: "டாக்டர், அப்பாவுக்கு டைட்டானியம் மூட்டே வைத்துவிடுங்கள். ராக்கெட்டுக்கே அதைத்தான் போடுகிறார்களாம். அம்மாவின் நகையை அடகு வைத்தாவது பணம் கட்டிவிடுகிறோம்."

இந்த வேண்டுகோளை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். பெற்றோர்மீது கொண்ட அன்பினால் எழும் வேண்டுகோள் அது. ஆயினும் அதற்குப் பின்னால் ஒரு தவறான எண்ணம் உள்ளது. டைட்டானியம் மிக உறுதியான உலோகம். ஆகவே மூட்டு முழுவதும் டைட்டானியமாக இருந்தால் அது தேயாது என்பதே அந்த எண்ணம். உண்மை வேறு. டைட்டானியம் எலும்போடு சேர்ந்து நிற்பதில் தலைசிறந்தது. மற்றொரு பொருளோடு உராய்வதில் பலவீனமானது. இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால், எதற்குப் பணம் செலவிட வேண்டும், எதற்குச் செலவிட வேண்டியதில்லை என்பதைக் குடும்பத்தினர் தாமே முடிவு செய்ய இயலும்.

வானூர்தியிலிருந்து வந்த உலோகம்

டைட்டானியம் நமக்கு அந்நியமான பொருளன்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவராவிலும் கடற்கரையில் கிடைக்கும் கருமணலில் அதன் தாதுவாகிய இல்மனைட் உள்ளது. விண்வெளித் துறையின் தேவைக்காக டைட்டானியம் கடற்பஞ்சு போன்ற வடிவில் உற்பத்தி செய்யும் ஆலை ஒன்று சவராவில் 2011-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆக, ராக்கெட்டைப் பற்றி அந்த இளைஞர் கூறியதில் தவறில்லை.

மருத்துவத்தில் மிகுதியாகப் பயன்படுவது, 90 பங்கு டைட்டானியத்துடன் 6 பங்கு அலுமினியமும் 4 பங்கு வனேடியமும் சேர்ந்த கலவை. இது 1950-களில் வானூர்தி எஞ்சின்களுக்காக உருவாக்கப்பட்டது. எஃகைவிட எடை மிகக் குறைவு. ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸ் வரை தன் வலிமையைக் காத்துக்கொள்ளும். ஆனால் எஞ்சின் வடிவமைப்போர் இந்த உலோகத்தைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கையை மறப்பதில்லை. சுழலும் டைட்டானிய இலை, தன்னைச் சூழ்ந்த டைட்டானிய உறையில் உரசுமானால் அங்கு வெப்பம் குவியும். அரிதாகத் தீப்பற்றவும் கூடும். டைட்டானியக் கலவை கடத்தும் வெப்பம், தூய அலுமினியம் கடத்துவதில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே உராயும் இடத்தில் பிறந்த வெப்பம் பரவாமல் அங்கேயே தங்குகிறது. இக்காரணத்தால் எஞ்சினில் டைட்டானியத்தின்மீது டைட்டானியம் உரசாதவாறு பூச்சுகளையும் வேறு உலோகங்களையும் இடையில் வைக்கிறார்கள்.

உராய்ந்தால் என்ன நடக்கிறது?

டைட்டானியத்தின் மேற்பரப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜனால் உண்டான மெல்லிய படலம் ஒன்று எப்போதும் இருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் அதில் சில பங்கு அளவே அதன் தடிமன். அந்தப் படலமே உலோகத்தைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. உடலும் அதன் காரணமாகவே டைட்டானியத்தை ஏற்றுக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் படலம் உடனே மீண்டும் உருவாகிவிடும்.

ஆனால் ஒரே இடத்தில் அழுத்தத்துடன் தொடர்ந்து உரசினால், படலம் உருவாகும் முன்பே மறுபடியும் உரிந்துவிடுகிறது. அப்போது வெளிப்படும் உலோகம் எதிரே உள்ள பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த அசைவில் பிய்த்துக்கொண்டு வருகிறது. உரிந்த படலத்தின் துகள்களோ கடினமானவை. அவை உப்புத்தாள்போல் இரு பரப்புகளையும் மேலும் அரிக்கின்றன. எனவே ஒரு பொருள் உடையாத அளவுக்கு வலிமையாக இருப்பது வேறு. தேயாமல் இருப்பது வேறு.

எலும்பு முறிவுக்குத் தகடு வைத்தவர்கள் இதன் ஒரு சிறு வடிவத்தைச் சந்திக்கக்கூடும். இக்காலத் தகடுகள் சிலவற்றில் திருகாணியின் தலையிலும் தகட்டின் துளையிலும் மரைகள் இருக்கும். இரண்டும் டைட்டானியமாக இருந்தால், சில ஆண்டுகளுக்குப் பின் அவற்றைக் கழற்றும்போது மரைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியிருப்பதைக் காண்கிறோம். அரை மணி நேரத்தில் முடியும் என்று எண்ணித் தொடங்கிய அறுவை சிகிச்சை இரண்டு மணி நேரம் நீண்டதும் உண்டு. திருகாணியின் தலையைக் கருவியால் அறுத்தெடுக்க வேண்டி வரும். அப்போது வெப்பமும் கரிய உலோகத் தூளும் உண்டாகின்றன.

இங்கே வெப்பத்தின் கணக்கு எஞ்சினில் உள்ளதுபோல் நூற்றுக்கணக்கான டிகிரி அன்று. எலும்பு 47 டிகிரி வெப்பத்தில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் உயிரணுக்கள் சேதமடைகின்றன என்பதை 1983-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் முயல்களிடம் செய்த ஆய்வில் காட்டினார்கள். 37 டிகிரியில் இயங்கும் உடலுக்கு இன்னும் பத்து டிகிரியே போதும். ஆகவேதான் எலும்பைத் துளையிடும்போதும் உலோகத்தை அறுக்கும்போதும் குளிர்ந்த உப்பு நீரை இடைவிடாது ஊற்றுகிறோம். "எலும்பு கூடிவிட்டதே, தகட்டை எடுத்துவிடலாமா?" என்று பெரியவர்கள் கேட்கும்போது, தொந்தரவு இல்லையெனில் அப்படியே விட்டுவிடலாம் என்று பெரும்பாலும் நாங்கள் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூட்டுக்குள் உராய்வு

இயற்கையான மூட்டில் எலும்பின் முனையைக் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இடையே மூட்டுத் திரவம் உயவுப் பொருளாகச் செயல்படுகிறது. செயற்கை மூட்டில் அந்த அளவு நல்ல உயவு இல்லை. இடுப்பு மூட்டு மாற்றியவர்களின் பொருத்துக்குள் வெப்பமானியை வைத்துப் பெர்லினில் ஆய்வாளர்கள் அளந்தபோது, ஒரு மணி நேர நடைக்குப் பின் வெப்பம் அதிக அளவாக 43.1 டிகிரி வரை உயர்ந்ததைக் கண்டார்கள். 2001-இல் இது வெளியானது. நடப்பதால் மூட்டு கெட்டுவிடும் என்று இதற்குப் பொருளன்று. நடை நன்மையே செய்கிறது. உராயும் பரப்புகள் எவற்றால் ஆனவை என்பது முக்கியம் என்பதையே இது காட்டுகிறது. ஒரு செயற்கை மூட்டு ஓராண்டில் ஏறத்தாழ பத்து இலட்சம் முறை அசைகிறது என்ற கணக்கிலேயே ஆய்வகங்களில் அதைச் சோதிக்கிறார்கள்.

தேய்மானத்தின் முதல் பாடம் இங்கிலாந்திலிருந்து வந்தது. இன்றைய இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு வழிவகுத்த ஜான் சார்ன்லி, எஃகுப் பந்துக்குக் கிண்ணமாக முதலில் டெஃப்லானைப் பயன்படுத்தினார். நம் வீட்டு நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் உள்ள அதே பொருள்தான். அதைவிட வழுவழுப்பான பொருள் அன்று அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளாகவே கிண்ணங்கள் வெகுவாகத் தேய்ந்தன. துகள்களால் சுற்றியுள்ள திசுக்கள் வீங்கின. பல நோயாளிகளுக்கு மறு அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது. 1962-இல் அவர் பாலிஎத்திலீன் என்னும் வேறொரு பிளாஸ்டிக்குக்கு மாறினார். அது டெஃப்லானைவிடச் சற்றுக் குறைவாகவே வழுக்கும். ஆனால் மிகக் குறைவாகத் தேயும். இன்றும் மூட்டுகளில் இடையிலுள்ள பகுதி பெரும்பாலும் அதன் மேம்பட்ட வடிவமே.

தேய்மானத்தால் விளையும் கேடு, மூட்டு மெலிந்து உடைவது மட்டுமன்று. கண்ணுக்குத் தெரியாத துகள்களை உடலின் பாதுகாப்பு அணுக்கள் விழுங்குகின்றன. அவற்றைச் செரிக்க இயலாமல் அழற்சியைத் தூண்டுகின்றன. அந்த அழற்சி, பொருத்தைத் தாங்கும் எலும்பையே அரிக்கிறது. பொருத்து ஆடத் தொடங்குகிறது. டைட்டானியக் கலவையாலேயே பந்து செய்து பொருத்திய காலமும் ஒன்று இருந்தது. மறு அறுவை சிகிச்சைக்காக அவற்றுள் சில மூட்டுகளைத் திறந்தபோது, உலோகத் துகள்களால் திசு முழுவதும் கருத்திருந்தது. அதன்பின் பூச்சில்லாத டைட்டானியத்தை உராயும் பரப்பாகப் பயன்படுத்துவதை மருத்துவ உலகம் கைவிட்டது.

மூட்டும் ஒரு கோர்வைதான்

அப்படியானால் டைட்டானியம் எங்கே பயன்படுகிறது? நம் ஊர்ச் சேலையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவால் நெய்து கோர்வையால் இணைக்கிறோம். செயற்கை மூட்டும் அவ்வாறே பல பொருள்களை ஒன்று சேர்த்து ஆக்கியது.

இடுப்பு மூட்டில் தொடை எலும்புக்குள் செல்லும் தண்டு பெரும்பாலும் டைட்டானியம். கோபால்ட்-குரோமியத்தைவிட அது பாதியளவே விறைப்பானது. ஆகையால் உடல் எடையின் ஒரு பங்கை எலும்பும் சுமக்கிறது. சுமை கிடைக்கும் எலும்பே வலுவாக இருக்கும். மேலும் எலும்பு டைட்டானியத்தின்மீது நேரடியாக வளர்ந்து பற்றிக்கொள்ளும். சுவீடனைச் சேர்ந்த பிரேன்மார்க் 1952-இல் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைக் கழற்ற முடியாமல் போனதிலிருந்து இதைக் கண்டறிந்தார். இன்றைய பல் பொருத்துகளும் அதன் பயனே. தண்டின் மேலுள்ள பந்து, பீங்கான் அல்லது கோபால்ட்-குரோமியம். கிண்ணத்தின் உள்பகுதி பாலிஎத்திலீன் அல்லது பீங்கான்.

முழங்காலில், தொடை எலும்பின் முனையை மூடும் வளைந்த பகுதி பெரும்பாலும் கோபால்ட்-குரோமியக் கலவை. நன்கு மெருகேற்றிய அதன் பரப்பு எளிதில் கீறல் படாது. கீழே கால் எலும்பின்மீது அமரும் தட்டு பல வகைகளில் டைட்டானியமே. இரண்டுக்கும் இடையில் பாலிஎத்திலீன். ஆகவே 'சாதாரண' மூட்டு என்று சொல்லப்படுவதிலும் டைட்டானியம் தேவையான இடத்தில் இருக்கக்கூடும்.

கோர்வை பிரிந்தால் சேலை கெடுவதுபோல, பொருத்தின் பகுதிகள் இணையும் இடமும் கவனத்துக்குரியது. அங்கே நுண்ணசைவு ஏற்பட்டால் தேய்மானமும் அரிப்பும் தோன்றலாம். ஒரே அமைப்பைச் சேர்ந்த, ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்யப்பட்ட பகுதிகளையே நாங்கள் இணைப்பது இதனால்தான்.

பொன்னிற மூட்டு

சில ஆண்டுகளாக 'தங்க மூட்டு' என்ற பேச்சும் நிலவுகிறது. அதில் தங்கம் இல்லை. உலோகத்தின்மீது டைட்டானியம் நைட்ரைடு என்னும் மிகக் கடினமான சேர்மத்தைச் சில மைக்ரான் தடிமனுக்குப் பூசியிருப்பார்கள். அதன் இயல்பான நிறமே பொன்னிறம். ஜரிகையில் பட்டு நூலின்மேல் வெள்ளியும் அதன்மேல் பொன்முலாமும் இருப்பதுபோல, உள்ளே ஒன்று, மேலே ஒன்று. டைட்டானியத்தின் உறவுலோகமான சிர்கோனியத்தின் கலவையை ஏறத்தாழ 500 டிகிரி வெப்பத்தில் காற்றில் வைத்து, அதன் மேற்பரப்பையே கரிய பீங்கானாக மாற்றுவது மற்றொரு முறை. எஞ்சினில் தொல்லை தரும் வெப்பமும் ஆக்சிஜனும் இங்கே பட்டறையில் கட்டுப்பாட்டுடன் பயன்படுகின்றன.

இத்தகைய பரப்புகளால் தெளிவான பயன் பெறுவோர் சிலர் உண்டு. நிக்கல், கோபால்ட் அல்லது குரோமியம் பட்டால் தோல் தடித்து அரிப்பவர்கள் அவர்களுள் முதன்மையானோர். கவரிங் நகையோ கைக்கடிகாரமோ அணிந்தால் தோல் புண்ணாகும் வழக்கம் இருந்தால் அறுவை சிகிச்சைக்கு முன்பே எங்களிடம் கூறுங்கள். மற்றவர்களுக்கு, பூச்சிட்ட முழங்கால் மூட்டு வழக்கமான மூட்டைவிட நீண்ட நாள் உழைக்கும் என்பது இதுவரை தெளிவாக நிறுவப்படவில்லை.

விலையும் முடிவும்

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் பொருத்துகளுக்கு உச்ச விலை விதித்தது. அப்போது கோபால்ட்-குரோமிய வகைக்கு 54,720 ரூபாயும், டைட்டானியம் மற்றும் ஆக்சிஜனேற்றிய சிர்கோனியம் சார்ந்த வகைக்கு 76,600 ரூபாயும் வரி நீங்கலாக நிர்ணயிக்கப்பட்டன. ஒரு முழங்காலுக்கு ஏறத்தாழ 22,000 ரூபாய் வேறுபாடு, இரண்டுக்கும் 44,000. இன்றைய உச்ச விலையை எங்கள் அலுவலகத்தில் கேட்டறியலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தங்களுக்கு உதவி கிடைக்குமா என்பதையும், கடன் வாங்குவதற்கு முன்பு, காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில:

- எலும்பில் பதியும் பகுதி எது, உராயும் பகுதி எது? ஒவ்வொன்றும் எந்தப் பொருளால் ஆனது?
- இந்த வகை எத்தனை ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது?
- விலை கூடிய வகையால் எங்கள் நோயாளிக்குக் குறிப்பாக என்ன நன்மை?
- பிற்காலத்தில் தேய்ந்த பகுதியை மட்டும் மாற்ற இயலுமா?

2019-இல் லான்செட் இதழில் வெளியான தொகுப்பாய்வின்படி, முழு முழங்கால் மாற்றுகளில் நூற்றுக்கு 82-உம், இடுப்பு மூட்டு மாற்றுகளில் நூற்றுக்கு 58-உம் 25 ஆண்டுகள் நிலைத்திருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு செய்யப்பட்டவை. பொருளின் பெயரைப் போலவே, மூட்டு நேராகப் பொருத்தப்படுவதும், கிருமித் தொற்று இல்லாமையும், உடல் எடையும் அதன் ஆயுளை முடிவு செய்கின்றன.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தேய்மானம் நெடுநாள் ஓசையின்றி நடக்கும். வலி பின்னரே வரும். எனவே வலி இல்லையென்றாலும், குறித்த காலத்தில் எக்ஸ்-ரே எடுத்துக்கொள்ள வாருங்கள். நன்றாக இருந்த மூட்டில் புதிதாக வலி, எழுந்தவுடன் முதல் சில அடிகளில் தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ வலி, வீக்கம், உரசும் ஓசை, கால் மடிந்து விழுவதுபோன்ற உணர்வு ஆகியவை தோன்றினால் காத்திருக்க வேண்டாம். காய்ச்சலுடன் மூட்டு சிவந்து சூடாக இருந்தால் அன்றே வர வேண்டும். பல் சீழ், சிறுநீர்த் தொற்று, காலில் புண் ஆகியவற்றுக்கு உடனே சிகிச்சை பெறுங்கள். நீரிழிவைக் கட்டுக்குள் வையுங்கள். பொருத்தின் விவரம் எழுதிய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள், எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன்பும் வேறு மருத்துவரிடம் செல்லும்போதும் அதைக் காட்டுங்கள்.

நெசவாளர்களுக்குத் தனியே ஒரு சொல். தரையில் சம்மணமிடுவதும், குந்தி அமர்வதும், குழியில் இறங்கி ஏறுவதும் மாற்றிய முழங்காலுக்கு மிகுந்த அழுத்தம் தருவன. மீண்டும் தறியில் அமர இயலுமா என்பதை அறுவை சிகிச்சைக்குப் பின்பு கேட்பதைவிட முன்பே கேளுங்கள். வீட்டின் வருமானம் அதைப் பொறுத்தது என்பதை நாங்கள் அறிவோம்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட குடும்பம் நகையை அடகு வைக்கவில்லை. பெரியவருக்கு உலோக ஒவ்வாமை இல்லாததால் வழக்கமான கோபால்ட்-குரோமிய மூட்டே இரு கால்களிலும் பொருத்தப்பட்டது. கீழுள்ள தட்டு டைட்டானியம். அதை எக்ஸ்-ரேயில் காட்டியபோது மகன் சிரித்தார். இப்போது பெரியவர் கோல் இன்றி நடக்கிறார். குழித்தறிக்கு அவர் திரும்பவில்லை; அது அவருக்கு எளிதான முடிவாக இல்லை. மேசை உயரத்தில் ராட்டையை வைத்து, நாற்காலியில் அமர்ந்து மகனுக்குத் தார் சுற்றித் தருகிறார். அடுத்த எக்ஸ்-ரேக்கான தேதியை அவர் வீட்டு நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்கள். மூட்டு மாற்றிய ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் குறிப்பு இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.